சும்மா மரம்

அந்தப் பெரியவர் என் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை. வெட்டவெளியில் ஈஸலை நிறுத்தி வரைகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். யாராவது வந்து நிற்பார்கள், "ரொம்ப அழகாக இருக்கிறது" என்பார்கள், போய்விடுவார்கள். இவர் அதைச் சொல்லவில்லை.

"இது என்ன மரம் அம்மா?"

"குறிப்பாக எதுவும் இல்லை ஐயா. சும்மா ஒரு மரம்."

"சும்மா மரம் என்று ஒரு மரம் உண்டா?"

கிண்டலாகத் தெரியவில்லை, அப்படி ஒன்று இருந்தால் தெரிந்துகொள்ளலாமே என்கிற தொனி. எதிரே நின்ற மரத்தையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கே கிளை தொங்குகிறது. நீங்கள் தூக்கி நிறுத்திவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

அப்போது நான் நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டுக்கு வந்ததும் பழைய படங்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கித் தரையில் பரப்பினேன். ஆற்றங்கரை, மலைச்சரிவு, மூடுபனிக் காலை, அந்தி. இடம் வேறு, வெளிச்சம் வேறு. மரம் மட்டும் ஒன்றே. கவட்டை போல இரண்டாகப் பிரியும் அடிமரம், அதன் தலையில் பஞ்சுப்பொதி போல ஒரு பச்சை. பதினான்கு ஆண்டுகளாக ஒரே மரத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் நட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய ஓராண்டாகவே எனக்கு வேலை ஓடவில்லை. வரைய உட்கார்ந்தால் கரு கிடைக்காது. கரு கிடைக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என் வழக்கம்: அருவி, கடல், மலையுச்சி. நூற்றுக்கணக்கான புகைப்படங்களோடு திரும்புவேன்; ஒன்றுகூடப் படமாகாது. இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. அருவி தன்னை ஏற்கெனவே படமாக்கி வைத்துக்கொண்டுதான் நிற்கிறது. எல்லோரும் நிற்கிற இடத்தில் நின்று, எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து, வாயைப் பிளந்துவிட்டு வரலாம். வரைகிறவளுக்கு அதில் கண்டுபிடிக்க மிச்சமில்லை. அருவியை நன்றாக வரைகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு வாசலிலிருந்து நூறு தப்படிக்கு அப்பால் இருக்கும் எதையும் வரையக் கூடாது. அதற்குள் என்ன இருந்தது? ஒரு சுற்றுச்சுவர், அதன் விரிசலில் கொஞ்சம் பாசி, சுவரோரம் புல், ஒரு மரம், மழை பெய்தால் மட்டும் உயிர்பெறும் ஒரு குட்டை. முதல் வாரம் நான் சுவரைப் பார்த்தேன், சுவர் என்னைப் பார்த்தது. கறை படிந்த சுவரை உற்றுப் பார்த்தால் மலைகளும் போர்க்களங்களும் முகங்களும் தெரியும் என்று லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நானும் இரண்டு நாள் உற்றுப் பார்த்தேன். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பதுதான் தெரிந்தது.

இரண்டாம் வாரம், திறந்து கிடந்த ஸ்கெட்ச் புத்தகத்தின் மேல் ஒரு பழுத்த இலை விழுந்தது. தட்டிவிடப் போனவள், என்னவோ தோன்றி அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அப்படியே உள்ளே கொண்டுபோய் ஜன்னலோர மேசையில் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இலை கோட்டுக்குள் இல்லை. ஒரு பக்கம் கால் அங்குலம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நுனி தாளை விட்டு எழும்பியிருந்தது. ராத்திரி நான் தூங்கிய நேரத்தில் இது வேலை பார்த்திருக்கிறது. மறுபடி ஒரு கோடு போட்டேன். இப்படி ஒன்பது நாள்.

முதல் நாள் இலை மஞ்சள். நரம்புகளை ஒட்டி மட்டும் பச்சை மிச்சம் இருந்தது. பழுக்கும் இலையில் மஞ்சள் புதிதாக வந்து ஏறுவதில்லை. அது முன்பே உள்ளே இருப்பது. பச்சையம் சிதைந்து விலகும்போது வெளியே தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான், ஆனால் தூரிகைக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை. அதுவரை நான் பழுத்த இலை என்றால் பச்சையைப் பூசி அதன்மேல் மஞ்சளை ஏற்றிக்கொண்டிருந்தேன். சேறாகிவிடும். அன்றைக்கு இலை முழுவதற்கும் மஞ்சளை ஒரே வாஷாக (நீர்த்த மெல்லிய பூச்சாக) ஓடவிட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு நரம்போரத்தில் மட்டும் பச்சையைத் தொட்டு வைத்தேன். இலை வந்துவிட்டது. இலை எந்த வரிசையில் நிறம் மாறுகிறதோ அதே வரிசையில் நான் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்; பூச வேண்டியது அதற்கு நேர்மாறான வரிசையில்.

நிழலுக்கு வருகிறேன். முதல் நாள் நிழல் என்பது இலையின் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த ஒரு மெல்லிய கோடு. இலை சுருள் கொள்ளக் கொள்ள நிழல் அதை விட்டுப் பிரிந்து வெளியே வந்தது. ஆறாம் நாள் கூர்ந்து பார்த்தேன். காம்பு தாளைத் தொடும் இடத்தில் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருந்தது. தூக்கிய நுனிக்குக் கீழே அதே விளிம்பு கரைந்து எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாமல் போயிற்று. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் வருகிற வேலை இது: பொருள் விலக விலக விளிம்பு மங்கும். நிழலின் உள்ளே வானத்தின் நீலம் இருந்தது. இலைக்கு அடியில், ஒளி இலையில் பட்டுத் திரும்பிய இடத்தில், ஒரு சொட்டு ஆரஞ்சு. ஒன்பதாம் நாள் இலையைவிட நிழல் பெரிது. எனக்கு இலைமேல் இருந்த ஆசை போய் நிழலில் ஒட்டிக்கொண்டது. முழுத் தாளில் நிழலைப் போட்டு, இலையை ஒரு மூலைக்குத் தள்ளி வரைந்தேன். ஓராண்டுக்குப் பிறகு முடித்த முதல் படம் அது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பொருளைத் தேடி அலைவதைவிட, கையருகே இருக்கும் பொருளிடம் ஒரு கேள்வி வைத்துக்கொள்வது எனக்குப் பலிக்கிறது. கேள்வி மிகச் சின்னதாக இருக்க வேண்டும். இந்த விளிம்பு நாளைக்கு எங்கே இருக்கும்? குட்டையில் வானம் எந்த இடத்தில் முடிந்து அடிமண் தெரியத் தொடங்குகிறது? (காலடியில் குனிந்து பார்த்தால் மண், தூரத்தில் சாய்வாகப் பார்த்தால் வானம்; இரண்டும் சந்திக்கும் பட்டையை வரைந்துவிட்டால் தண்ணீர் தானாகவே தண்ணீராகிவிடும்.) அழகு என்றால் என்ன என்ற மாதிரிக் கேள்வியோடு போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். நானே திரும்பியிருக்கிறேன்.

நம் மொழி இந்த வேலையைப் பாதி செய்து வைத்திருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வரிசையாகச் சொல்கிறோம். பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். சின்ன வயதில் ஒப்பித்த பட்டியல். ஒவ்வொன்றும் வேறு படம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தளிர் மெல்லியது, துவண்டு தொங்கும், பல மரங்களில் செம்மை பாய்ந்திருக்கும், வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவி உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும். முற்றிய இலை ஒளியை உள்ளே விடுவது குறைவு. மேற்புறம் பளபளத்து வானத்தை வாங்கிக்கொள்ளும். சருகில் நிறத்தைவிட மடிப்புதான் முக்கியம். பழுப்பு என்று ஒரு நிறத்துக்கே பெயர் வைத்திருக்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் பழுத்த இலைதான் கிடக்கிறது. அதை அறியாமல் டியூபில் பழுப்பைத் தேடியிருக்கிறேன்.

டியூப் என்றதும் பச்சையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இயற்கையை வரைகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சாப் கிரீன் என்ற ஆயத்தப் பச்சை டியூபைப் பிதுக்கி மரம், புல், பாசி எல்லாவற்றுக்கும் அதையே தடவினால் படம் பிளாஸ்டிக் செடி போலாகிவிடும். நான் அந்த மூன்று மாதமும் பச்சை டியூப்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். லெமன் யெல்லோ, காட்மியம் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) நான்கையும் குறுக்கே வைத்து, அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், கறுப்பு மூன்றையும் நெடுக்கே வைத்துக் கட்டம் போட்டேன். பன்னிரண்டு கலவைகள், ஒவ்வொன்றையும் அடர்த்தியாக, நடுத்தரமாக, நீர்த்ததாக மூன்று முறை பூசினால் 36 கட்டங்கள். ஒரு பிற்பகல் வேலை. கறுப்பில் லெமன் யெல்லோவைக் கலந்தால் வந்த நிறத்தைப் பார்த்து எழுந்து போய்ச் சுவர்ப் பாசியின் அருகே பிடித்துப் பார்த்தேன், அதேதான். பிரஷ்யன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்து மரத்தின் உள்நிழல் பச்சையைத் தந்தன. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் பச்சையாகவே ஒப்புக்கொள்ளாமல் சாம்பலாக நின்றன. அதையும் அழிக்கவில்லை, இப்போது நான் அதிகம் எடுப்பது அந்தச் சாம்பலைத்தான். ஒரு எச்சரிக்கை: நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். ஈரமாக இருக்கும்போது கட்டத்தை இலையோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

ஒரே இலையில் மூன்று பச்சை இருக்கிறது என்பதையும் அந்தக் கட்டத்தாளை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். வானத்தைப் பார்த்திருக்கும் பகுதி நீலம் கலந்த சாம்பல்பச்சை. வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் பகுதி மஞ்சள்பச்சை. இரண்டும் இல்லாத மடிப்பு மங்கல்; அதற்குச் சிவப்பில் ஒரு துளி வேண்டும்.

இப்படிக் காலடியில் கிடப்பதை வரைவது சின்ன வேலை என்று மனம் சொல்லும்போதெல்லாம் நான் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரரை நினைத்துக்கொள்வேன். 1503-இல் அவர் ஒரு புல்திட்டை நீர்வண்ணத்தில் வரைந்தார். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் ஏறத்தாழ 40 செ.மீ. உயரம், 31 செ.மீ. அகலம். புல், அகன்ற இலைகள், இதழ் மூடிய டேன்டிலியன் என்னும் மஞ்சள் பூ, கீழே வேர் தெரியும் ஈர மண். யாரும் மிதித்துவிட்டுப் போகிற களை. அவர் கண்ணைப் புல்லின் உயரத்துக்கு இறக்கியிருக்கிறார் என்பதை நான் பல நாள் கவனிக்கவில்லை. கவனித்த அன்று நானும் சுவரோரம் தரையில் படுத்துப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது பாய் போலத் தெரிந்த புல், படுத்துப் பார்த்தால் காடு. முதுகுவலி மூன்று நாள் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தாழ்ந்த முக்காலி வைத்துக்கொண்டேன். வயதானவர்களுக்கு அதுதான் சரி.

குறிப்பு எழுதும் பழக்கம் ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிளிடமிருந்து வந்தது. 1821, 1822 ஆண்டுகளில் ஜான் கான்ஸ்டபிள் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே தனித்தனியாக வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றை எழுதி வைத்தார். நானும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நேரம், வெளிச்சம், கேள்வி மூன்றையும் எழுதுகிறேன். என் ஏட்டிலிருந்து ஒன்று: "காலை 7.10. மேகமூட்டம். நிழலே இல்லை, ஆனால் இலைக்கு அடிப்புறம் இருட்டு எப்படி வருகிறது?" அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க பதினோரு நாளாயிற்று. பதிலைவிட, அந்தப் பதினோரு நாளும் காலையில் எழுந்ததும் எங்கே போய் உட்கார வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் பெரிய விஷயம்.

மரத்தடியில் விழும் வெயில் புள்ளிகள் இன்னொரு பாடம். இலைகளின் இடைவெளி கோணல்மாணலாக இருப்பதால் புள்ளிகளும் கோணல்மாணலாகத்தான் இருக்கும் என்று நினைத்து எத்தனையோ படங்களில் அப்படியே வரைந்திருக்கிறேன். ஒரு நாள் தாளையே தரையில் விரித்து, விழுந்த புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டேன். எல்லாமே வட்டம், சாய்வெயிலில் நீள்வட்டம். சின்னச் சின்ன இடைவெளிகள் ஊசித்துளைக் கேமரா போல வேலை செய்கின்றன. தரையில் கிடப்பவை சூரியனின் உருவங்கள். பகுதிச் சூரிய கிரகணத்தன்று அத்தனை புள்ளிகளும் பிறையாகிவிடுவது அதனால்தான். அளவுகூடக் கணக்குக்கு உட்பட்டது: இடைவெளி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் புள்ளி சுமார் மூன்று சென்டிமீட்டர். உயரம் கூடினால் புள்ளி பெரிதாகி மங்கும். ஆகவே ஒரே மரத்தடியில் கூர்மையான சின்னப் புள்ளியும் மங்கிய பெரிய புள்ளியும் கலந்து கிடக்கும். இதை அறிந்து வரைந்தபோது மரத்தை வரையாமலே அதன் உயரம் படத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மரத்துக்கும் திரும்பி வந்தேன். பெரியவர் சொன்னதை வைத்து, பென்சிலை எடுக்கும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்கிறேன்: கிளை அடிமரத்தை விட்டு எந்தக் கோணத்தில் கிளம்புகிறது, இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா, இலைப்பொதிக்குள் வானம் எந்தெந்த ஓட்டை வழியாகத் தெரிகிறது. கடைசியாகச் சொன்னதுதான் முதலில் வரைய வேண்டியது. ஓட்டைகளை வரைந்தால் மரம் மிஞ்சும். இங்கே லியனார்டோ கைகொடுத்தார், சுவர் விஷயத்துக்குப் பரிகாரமாக. எந்த உயரத்தில் வெட்டினாலும் அங்குள்ள கிளைகளின் தடிமனை எல்லாம் சேர்த்தால் அடிமரத்தின் தடிமன் வரும் என்று அவர் எழுதியிருக்கிறார். தோராயமான விதிதான். ஆனால் என் பழைய மரங்களை அதை வைத்து அளந்தால் கிளைகள் மட்டும் மூன்று அடிமரத்துக்கு ஈடாக இருந்தன.

புகைப்படத்தை விட்டுவிட்டேனா என்று கேட்பார்கள். விடவில்லை, பின்னுக்குத் தள்ளினேன். கேமரா நிழலைக் கரியாக்கும், அல்லது வானத்தை வெள்ளைக் காகிதமாக்கும். கண் இரண்டையும் சமாளித்துக்கொள்கிறது. பத்து நிமிடம் வரைந்த பிறகு எடுத்த படம் எனக்கு நினைவூட்டும். வரையாமல் எடுத்த படத்தில் நான் எதைப் பார்த்தேன் என்பதே இருக்காது. பத்து நிமிடம் என்பதும் வேண்டுமென்றே வைத்த அளவு. அதற்கு மேல் உட்கார்ந்தால் பார்ப்பதை நிறுத்திவிட்டு அழகுபடுத்தத் தொடங்கிவிடுவேன்.

வெளிச்சம் வேறு காத்திருக்காது. 1890-இலும் 1891-இலும் பிரெஞ்சு ஓவியர் மோனே தன் வீட்டருகே வயலில் இருந்த கதிர்ப்போர்களைச் சுமார் 25 படங்களாக வரைந்தார். வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். என்னிடம் அத்தனை கேன்வாஸ் இல்லை. ஒரு தாளை நான்காக மடித்து ஒரு மணிக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தியில் மட்டும் இது கைவிடும். இருட்டத் தொடங்கியதும் சிவப்புகள் சட்டென்று கறுத்து, இலைகள் அவற்றைவிட வெளிச்சமாகத் தெரியும். கண் அப்படித்தான் இயங்குகிறது. அந்த நேரத்தில் கலந்த நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. அந்தியில் இப்போது பென்சில் மட்டும்தான்.

மூன்று மாத முடிவில் ஏட்டில் 71 பக்கங்கள் நிரம்பியிருந்தன. அவற்றில் படமாக வளர்ந்தவை ஆறு. பாசியை வைத்து நான் செய்த முயற்சிகள் அத்தனையும் வீண். அது எனக்கு இன்னும் பிடிகொடுக்கவில்லை. பத்து நாட்கள் ஒன்றுமே வரையாமல் போயின. அந்த நாட்களில் 'ஒன்றும் இல்லை' என்று மட்டும் எழுதி நேரத்தைக் குறித்தேன். பின்னால் புரட்டியபோது அந்தப் பத்தில் ஏழு நண்பகல் நேரம் என்று தெரிந்தது. உச்சிவெயிலில் நிழல் எல்லாம் பொருளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. எனக்குப் பார்க்க ஒன்றும் கிடைப்பதில்லை. அந்த நேரத்தில் இப்போது தூரிகைகளைக் கழுவுகிறேன்.

நூறு தப்படிக் கட்டுப்பாடு முடிந்து பல மாதங்களாகிவிட்டன. இன்னும் அதைத் தாண்டவில்லை. இந்த முறை மேசையில் இருப்பது ஒரு நெற்று, விரல் நீளம், மரத்தடியில் பொறுக்கியது. கேள்வி: எந்தப் பக்கம் முதலில் வெடிக்கும்? பத்து நாளாக ஒன்றும் நடக்கவில்லை. மேல்தோலின் நிறம் மட்டும் அரக்கிலிருந்து சாம்பலுக்குப் போனது, பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து நெற்றுகள் வரைந்து வைத்திருக்கிறேன். நேற்று இரவு படுத்த பிறகு உள்ளறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து போகவில்லை. காலையில் பார்த்தால் நெற்று இரண்டாகப் பிளந்து, இரு தோலும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஐந்து விதைக் குழிகள், மூன்று விதைகள். நான்காவது, தூரிகை கழுவும் கிண்ணத்தின் அடியில் கிடந்தது. ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.